மேடத்திடம் கேட்பது கலர் மட்டும்

புது அடுக்ககத்தில் குடியேறும் குடும்பமும், பழைய ஃபிளாட்டைப் புதுப்பிக்கும் குடும்பமும் இன்று தவறாமல் செய்கிற செலவு மரவேலை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டி.வி. யூனிட், பூஜை யூனிட், லாஃப்ட், ஷூ ரேக். கட்டிலையும் பீரோவையும் வேண்டிய பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். இவற்றை அப்படிச் செய்ய முடியாது. அளவெடுத்து, அறுத்து, சுவரோடு சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். அதன்பிறகு பல ஆண்டுகளுக்கு யாரும் தொடப்போவதில்லை. ஆகவே யார் எங்கே நிற்பது, யார் எங்கே உட்காருவது, யாருடைய பொருளுக்குப் பூட்டு என்பதெல்லாம் அந்த வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. வீட்டின் உழைப்புப் பிரிவினையைச் சுவரில் அடித்து நிறுத்தும் வேலைக்கு இன்டீரியர் என்று பெயர்.

இந்த முடிவில் பெண்ணின் பங்கு என்ன? சென்னையில் 850 சதுர அடி கொண்ட எங்கள் பழைய ஃபிளாட்டைப் புதுப்பித்தபோது வந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “சார்கிட்ட சைஸ் எல்லாம் பேசிட்டோம் மேடம். லேமினேட் கலர் மட்டும் நீங்க சொல்லிட்டீங்கன்னா வேலைய ஆரம்பிச்சிடலாம்.” கடனில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. ஆனாலும் அளவு சாருடையது, நிறம் என்னுடையது. நூற்றுக்கணக்கான துண்டுகள் கோத்த கேட்டலாக்கை என் மடியில் வைத்துவிட்டு அவர்கள் கூடத்தில் டி.வி. யூனிட்டை அளந்தார்கள். இவ்வளவு நிறங்களில் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும்போது வேறென்ன உரிமை வேண்டும் என்றே எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். கேட்டலாக்கின் வேலையே அதுதான்.

நாம் கேட்க வேண்டியது அளவை. அதிலும் உயரத்தை.

சமையல் மேடையின் உயரம் 34 அங்குலம் என்றார்கள். யாருக்கு என்று கேட்டால், “ஸ்டாண்டர்டு மேடம்” என்றார்கள். நான் நான்கடி பதினொரு அங்குலம். நின்றால் என் முழங்கை தரையிலிருந்து 36 அங்குலத்தில் இருக்கிறது. கல் 34. அதன்மேல் அடுப்பு நான்கைந்து அங்குலம். அடுப்பின்மேல் ஐந்து லிட்டர் குக்கர். உள்ளே கரண்டியை விட்டுக் கிண்ட வேண்டுமென்றால் கை முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறுகிறது. கல்லுக்கு மேலே இரண்டடி விட்டு மாட்டும் அலமாரியின் இரண்டாம் தட்டு 70 அங்குலத்தில் வருகிறது. இடையில் இரண்டடி ஆழ மேடை வேறு. அந்தத் தட்டிலிருக்கும் டப்பாவை எடுக்க ஸ்டூல் வேண்டும். லாஃப்டுக்கு ஏணியே வேண்டும். வயது ஏற ஏற நம் தோளும் முழங்காலும் போவதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒருமுறை டேப்பை வாங்கி அளந்து பாருங்கள்.

அடுப்பு வரும் இடத்தை மட்டும் 30 அங்குலத்துக்கு இறக்கச் சொன்னேன். “லைன் கட் ஆகும் மேடம், லுக் போயிடும்” என்றார். வாஸ்து பார்த்து அக்னி மூலைக்கு அடுப்பை மாற்றுவதென்றால் கல்லை உடைப்பார்கள், குழாயைத் திருப்புவார்கள், லைனும் லுக்கும் யாருக்கும் நினைவிருக்காது. சமைப்பவள் கிழக்கு பார்க்கிறாளா என்று கவலைப்படும் வீட்டில் அவள் தோள் எந்தத் திசையில் இழுக்கிறது என்று கேட்பாரில்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு பெண்ணும் உண்டு. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அக்காவிடம், “புதுசா போடறோம், உங்களுக்கு என்னக்கா வேணும்?” என்று கேட்டேன். “தொட்டிய கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லும்மா, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு” என்றார். எளிய உண்மை. அடுப்படியில் கை பாத்திரத்துக்கு மேலே ஏறுகிறது. தொட்டியிலோ எட்டு அங்குலம் கீழே இறங்குகிறது. ஒன்று தாழ வேண்டும், மற்றொன்று உயர வேண்டும். ஆனால் ஒரே கல்லை ஒரே மட்டத்தில் போட்டு இரண்டு பெண்களின் உடம்பையும் கெடுக்கிறார்கள். நமக்குத் தோள், அவருக்கு இடுப்பு. ஷூ ரேக்குக்குக்கூட இடம் ஒதுக்கும் வரைபடத்தில் அவர் பையை மாட்ட ஓர் ஆணி இல்லை, பத்து நிமிடம் உட்கார ஓர் இருக்கை இல்லை. நம் உரிமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதிப் பேச்சுதான்.

மாடுலர் கிச்சன் நம் சுமையைக் குறைக்கவில்லையா என்று தோழிகளே கேட்கிறார்கள். குறைத்திருக்கிறது. அடி அலமாரிக்குள் தலையை விட்டுத் துழாவியதற்கு இழுப்பறை எவ்வளவோ மேல். இந்தச் சமையலறையின் பாட்டியை வடிவமைத்தவரும் ஒரு பெண்தான். ஆஸ்திரியக் கட்டடக் கலைஞரான மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல், பிராங்க்பர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளத்தில் ஒரு சமையலறையை அமைத்தார். சுவரோடு சேர்ந்த அலமாரிகள், பண்டங்களுக்கு அலுமினிய டப்பாக்கள், சன்னலோரம் வேலை மேடை, அதன்முன் உட்கார ஒரு சுழல் இருக்கை. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. நடையைக் குறைத்தால் நேரம் மிஞ்சும், அந்த நேரம் பெண்ணுக்குக் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். பின்னாளில் பெண்ணியர்கள் அதையும் கேள்வி கேட்டார்கள். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறை அந்த ஒருவரைத் தனிமைப்படுத்தாதா என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நம் ஊருக்கு வந்தபோது அலமாரி வந்தது, இழுப்பறை வந்தது, இருக்கை மட்டும் வரவில்லை. மேடைக்கு அடியில் ஓரங்குலம் விடாமல் ஷட்டர் போட்டுவிடுகிறார்கள். கால் நீட்ட இடமில்லாத மேடையின் முன் யார் உட்கார முடியும்?

மிஞ்சிய நேரமாவது நமக்குக் கிடைத்ததா? 2019ஆம் ஆண்டின் தேசிய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடுபவர்களே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடுதான். சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் இழுப்பறையால் இந்தக் கணக்கு மாறாது. அதைத் திறக்கும் கை மாற வேண்டும்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை நம் மாணவியர் பலர் படித்திருப்பார்கள். அதில் மருமகள் மீனாட்சி சமையலறையை ஒட்டிய வராந்தாவைப் பெரிதாக்கலாம் என்று சொல்லிப் பார்க்கிறாள். அவளுக்குக் கிடைப்பது துணி உலர்த்தும் கயிறுகள். மலை மறைந்துவிடுகிறது. அந்த வீட்டில் பெண் வாய் திறந்து கேட்ட பிறகு மறுத்தார்கள். இன்று கேட்டலாக்கைக் கொடுத்து, அவள் கேட்க நினைப்பதற்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வரைபடத்தில் படுக்கையறை மூலையில் ‘ஒர்க் டேபிள் – சார்’ என்று எழுதியிருந்தது. முனைவர் பட்டம் பெற்று, ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தி, கவிதையும் எழுதும் மேடத்துக்கு மேசை இல்லை. கேட்டபோது, “டைனிங் டேபிள் இருக்கே மேடம்” என்றார். சோற்றுத் தட்டு வரும்போதெல்லாம் தாளைச் சுருட்டிக்கொண்டு எழ வேண்டிய இடம் மேசை ஆகாது. பூட்டும் அப்படித்தான். வார்ட்ரோபில் லாக்கர் உண்டு, நகைக்கு. நம் நாட்குறிப்புக்கும் கடிதத்துக்கும் நம் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்துக்கும் பூட்டில்லை. அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் காசை ஒளித்தார்கள் நம் பாட்டிமார். அவர்களுக்கு வேறு இடமில்லை. சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து அறுக்கும் பலகையில் நமக்கென ஓர் இழுப்பறை அடிக்க முடியாதா?

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். அடுப்புக்கும் தொட்டிக்கும் தனித்தனி உயரம் கேளுங்கள். அடுப்புக்கு 30, தொட்டிக்கு 36 என்று நாங்கள் வைத்தோம். உங்கள் முழங்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்பின் பக்கத்தில் இரண்டடி நீளத்துக்கு அடியில் அலமாரி வேண்டாம் என்று சொல்லுங்கள். 30 அங்குலம் என்பது சாதாரண மேசையின் உயரம். நாற்காலியை இழுத்துப் போட்டால் உட்கார்ந்து காய் நறுக்கலாம். தினமும் எடுக்கும் எதையும் தலைக்கு மேலே வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கென ஒரு மேசை, பூட்டுள்ள ஓர் இழுப்பறை, ஒரே சாவி.

சமையலறையைப் பெண்ணின் உயரத்துக்கே அமைத்தால் அவளை அங்கேயே நிறுத்துவதாகாதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதனால்தான் தொட்டியை உயர்த்தச் சொல்கிறேன். பாத்திரம் துலக்கும் அக்காவின் இடுப்பும் பிழைக்கும், அவர் வராத நாளில் ஐந்தடி எட்டு அங்குல மனிதர் “குனிய முடியவில்லை” என்று சொல்லவும் வழியில்லை.

நிறத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.