வினாவிடைப் புத்தகத்தைக் கடைசியில் வாங்குங்கள்

அரசாங்க உத்தியோகத்துக்கான எழுத்துப் பரீட்சை நெருங்குகிறது என்ற செய்தி காதில் விழுந்தவுடன், புக்கிட் பெலிம்பிங் முதலாகக் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலும் அவற்றை விட்டு வெளியேறியவர்கள் குடியிருக்கும் தாமான்களிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் முதலாவதாகச் செய்யும் காரியம், பட்டணத்துப் புத்தகக் கடைக்குப் போய், மாதிரி வினாக்களும் விடைகளும் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, அதை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவதுதான். அவர்களுடைய சிரத்தையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்துவிட்டு, இரவில் கண் எரிய எரிய உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் அவர்கள். ஆயினும், அந்தப் பிரயாசை முழுவதும் தலைகீழான கிரமத்தில் செலவாகிறது என்பதே என் அபிப்பிராயம். கடைசி இரண்டு வாரத்தில் கையில் எடுக்கவேண்டிய புத்தகத்தை முதல் நாளே எடுத்துவிடுகிறார்கள்.

பரீட்சை என்ன கேட்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பொதுச் சேவை ஆணையம் நடத்தும் நுழைவுப் பரீட்சைகள் பதவிக்குப் பதவி வேறுபடும். எனினும் அவற்றின் சாரம் மூன்றே விஷயங்கள்தாம்: நாட்டைப் பற்றியும் உலகத்தைப் பற்றியுமான பொது அறிவு, கணக்கும் தர்க்கமும் கலந்த பிரச்சினைகளை விடுவிக்கும் சாமர்த்தியம், ஒரு பத்தியை வாசித்து அதன் பொருளைக் கிரகிக்கும் ஆற்றல். நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பதவிக்கு மலாயில் கட்டுரை எழுதவும், ஆங்கிலப் பத்தியை வாசித்து விடையளிக்கவும் வேண்டும். இவற்றை மூன்று தனித்தனிப் பாடங்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் என்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் இவற்றுள் மூன்றாவதே மற்ற இரண்டுக்கும் ஆதாரம். வாசிக்கத் தெரியாதவனுக்குக் கணக்கும் வராது, பொது அறிவும் தங்காது.

கணக்கையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் நம் பிள்ளைகள் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். ஒரு கடையில் 20 விழுக்காடு கழிவுக்குப் பிறகு ஒரு சட்டை அலமாரியின் விலை 240 ரிங்கிட். கழிவுக்கு முன் அதன் விலை என்ன? இந்த வினாவை அண்மையில் ஓர் இளைஞரிடம் கொடுத்தபோது, அவர் ஒரு கணமும் தயங்காமல் 240-இல் 20 விழுக்காடு 48 என்று கண்டு, அதைக் கூட்டி, 288 என்று எழுதினார். விடை 300. பெருக்கலிலும் கூட்டலிலும் அவர் செய்த பிழை ஒன்றுமில்லை. 20 விழுக்காடு என்பது எந்தத் தொகையில் 20 விழுக்காடு என்பதை வாக்கியத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வினாவை இன்னொரு முறை வாசித்திருந்தால், கையில் இருக்கும் 240 முழு விலையின் 80 விழுக்காடு என்பது புலப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஒரே ஒரு வகுத்தல்தான் மீதி.

திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய பாட்டி, பல வருஷங்கள் பால் மரம் வெட்டிய கை. அவரிடம் நான் வேறுவிதமாகக் கேட்டேன்: ஸ்டோரில் பாலை நிறுத்து, கிராணி 30 விழுக்காடு என்று எழுதுகிறார் என்றால், 12 கிலோ காய்ந்த ரப்பருக்கு எத்தனை கிலோ பால் கொண்டுபோக வேண்டும்? சற்று நேரம் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, “நாப்பது கிலோ கொண்டாந்தாத்தான் தேறும். தண்ணிக்கு யாரு தம்பி காசு குடுப்பா? காஞ்ச ரப்பருக்குத்தானே காசு,” என்றார். பேரன் தவறவிட்ட கணக்கும் பாட்டி சொன்ன கணக்கும் ஒரே கணக்கு. எது முழுமை, எது அதன் பங்கு என்பதைப் பாட்டி ஒருநாளும் மறக்கமாட்டார், ஏனெனில் அதை மறந்தால் அன்றைய சம்பளம் குறைந்துவிடும். மரப்பாலில் பெரும்பகுதி நீர். மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர். அந்த விகிதத்தை அறிய மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்த காலமும் உண்டு. இவ்விதம் விகிதத்தோடும் விழுக்காட்டோடும் இரண்டு மூன்று தலைமுறைகள் ஜீவனம் செய்த ஜனங்களின் பிள்ளைகள், தங்களுக்குக் கணக்கு வராது என்று சொல்லிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வராதது வினாவை வாசிக்கும் பொறுமைதான்.

இனி வாசிப்பைப் பற்றி. இதை நம் ஊர்ப் பக்கத்து உதாரணத்தாலேயே விளக்குகிறேன். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் இரவில் கூட்டமாக ஒளிவிடும் மின்மினிகளைப் பற்றி ஒரு பத்தி வினாத்தாளில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கரையோர மரங்கள் அழிக்கப்படுவதால் பூச்சிகளின் வாசஸ்தலம் சுருங்குகிறது என்று மாத்திரம் பத்தி சொல்லுகிறது. மின்மினிகள் குறைவதற்கு ஆசிரியர் கூறும் காரணம் எது என்று கேட்டு, நான்கு விடைகள் தரப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, படகில் வரும் பிரயாணிகளின் விளக்கு வெளிச்சம். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைக்கு அந்த வெளிச்சத்தின் தொல்லை நேரில் தெரியும். ஆகவே மனம் அந்த விடையின் பக்கமே சாய்கிறது. அதை எழுதுகிறான், மதிப்பெண் போய்விடுகிறது. உலகத்தில் அது மெய்யாகவே இருக்கலாம். பத்தியில் அது இல்லை. தனக்குத் தெரிந்ததையும் பத்தி சொன்னதையும் பிரித்துப் பார்க்கும் இந்த விவேகம், விடைகளை மனப்பாடம் செய்வதால் வருவதன்று. நாள்தோறும் பிறர் எழுதியதை வாசித்து, இவர் என்ன சொன்னார், எதைச் சொல்லவில்லை, எதைச் சொல்லாமலே உணர்த்தினார் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் அப்பியாசத்தால் வருவது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்களுக்கு இந்த அப்பியாசம் புதிதல்ல. 1988 முதல் 2019 வரை நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழுக்கென்று கருத்துணர்தல் தாள் ஒன்று தனியாகவே இருந்தது; 2021-இல் அத்தேர்வே ரத்தாகிவிட்டது. தேர்வு போனதற்காக நான் வருந்தவில்லை. ஏழு ‘ஏ’ வாங்கிய பிள்ளையின் படம் போட்ட பதாகைகளைப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆனால், அந்தத் தாளுக்காகவேனும் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு பத்தியை மூன்று முறை வாசிக்கச் செய்த வழக்கமும் உடன் போய்விடுமோ என்பதே என் கவலை. தாய்மொழியில் பத்தியைப் பிரித்துப் பார்க்கப் பழகிய மனம், சொற்கள் கைவந்த பிறகு, மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே காரியத்தைச் செய்துவிடும். ஒரு மொழியிலும் பழகாத மனத்துக்கு மூன்று மொழிகளிலும் திண்டாட்டம்தான்.

பொது அறிவின் கதையும் இப்படியே. வினாவிடைப் புத்தகம், டச்சுக்காரர் கோலசிலாங்கூர்க் கோட்டையைப் பிடித்த ஆண்டு 1784 என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும். அந்த ஒரு வரி இரண்டு நாளில் மறந்துவிடும். அந்தக் கோட்டை நின்ற புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேல் ஏறி நின்று, அதே ஆண்டில் ரியாவின் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டு அங்கேயே மாண்டதையும், அவருக்குத் துணைநின்ற சிலாங்கூர் சுல்தான் இப்ராகிமைத் தண்டிக்கவே டச்சுக் கப்பல்கள் இந்த ஆற்றுமுகத்துக்கு வந்ததையும், கோட்டைக்கு அவர்கள் தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரைச் சூட்டியதையும், மறு வருஷமே சுல்தான் அதை மீட்டுக்கொண்டதையும் தொடர்ச்சியாக வாசித்தவனுக்கு, 1784 என்பதை மறக்க முயன்றாலும் முடியாது. நம் வீட்டு வாசலிலிருந்தே சரித்திரம் தொடங்குகிறது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது: இவையெல்லாம் லயத்தில் பிறந்தவனின் குடும்பக் கதை. இந்தக் கதையைப் பற்றிக்கொண்டு மேலே போனால் 1957-இன் சுதந்திரமும், 1963-இன் மலேசிய உதயமும், 1970-இல் பிரகடனமான ருக்குன் நெகாராவும் தாமாகவே வந்து சேரும்.

இந்த இடத்தில், நான் அடிக்கடி கேட்கும் ஆட்சேபம் ஒன்று எழும்: எப்படிப் படித்தாலும் நமக்கு வேலை கிடைக்கப்போவதில்லை, பின் எதற்கு இந்த வீண் பிரயாசை? இந்தக் கசப்புக்குக் காரணமில்லை என்று நான் சொல்லத் துணியேன். போட்டிப் பரீட்சை என்ற முறையே சிபாரிசையும் பாரபட்சத்தையும் ஒழிக்கத் தோன்றியது. இந்திய சிவில் சர்வீஸுக்கு 1855 முதல் அவ்வாறே ஆள் எடுத்தார்கள். ஆனால் மலாயாவின் உயர் பதவிகளுக்கு லண்டனில் நடந்த பரீட்சைக்கு, தாய் தந்தை இருவழியிலும் கலப்பற்ற ஐரோப்பிய வம்சத்தவர்தாம் உட்காரலாம் என்று 1904-இல் விதித்துவிட்டார்கள். அன்று நம்மவருக்கு அந்த மண்டபத்தின் கதவே திறக்கவில்லை. தோட்டத்துக் கிராணி வேலையே எட்டக்கூடிய உச்சமாக இருந்தது. இன்றைய அரசியலமைப்பில் 153-ஆவது விதி ஒதுக்கீட்டைப் பேசுகிறது. 136-ஆவது விதி, கூட்டரசுச் சேவையில் ஒரே தரத்தில் உள்ளவர்களை இனவேறுபாடின்றி நடத்தவேண்டும் என்று பேசுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழக்கை நாடாளுமன்றத்திலும் பத்திரிகையிலும் ஓயாமல் நடத்தத்தான் வேண்டும். ஆனால் விண்ணப்பமே போடாதவர், பரீட்சைக்கே உட்காராதவர், அந்த வழக்கில் நமக்குச் சாட்சியாகவும் நிற்கமுடியாது. ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யவேண்டும் என்பதும், பதிவைக் காலம் தவறாமல் புதுப்பிக்கவேண்டும் என்பதும் தெரியாத பட்டதாரிகளை நான் சந்தித்திருக்கிறேன். எஸ்.பி.எம்.-இல் மலாய்மொழிக்குக் கிரெடிட் இல்லாததால் பெரும்பாலான பதவிகளின் வாசலிலேயே நின்றுவிடுகிறவர்களுக்கு, அந்த ஒரு பாடத்தை மட்டும் மீண்டும் எழுத வழி இருக்கிறது என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆக, என் யோசனை மிகச் சாதாரணமானது. பரீட்சைக்கு ஓராண்டு முன்பிருந்தே, நாளுக்கு ஒரு மலாய்ப் பத்திரிகைத் தலையங்கம், ஓர் ஆங்கிலச் செய்திக் கட்டுரை, ஒரு தமிழ்க் கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த வாக்கியத்தில் இரண்டு வரிச் சுருக்கம். அன்றைய செய்தியில் வந்த இடமோ சட்டமோ தெரியாவிட்டால் அதைத் தேடி ஒரு குறிப்பு. நாளைக்கு ஐந்து கணக்கு, அவையும் விடையைப் பார்ப்பதற்கு முன் வினாவைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு. வினாவிடைப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்தைக் கணக்கிட்டு எழுதிப் பழகுவதற்கு அதைவிட உபகாரமானது வேறில்லை. அதன் வேலை அவ்வளவே.

இதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து செய்வது கடினம். பலர் சேர்ந்தால் எளிது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், வாரந்தோறும் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிப் படிக்கவைத்து, பின்தங்கிய குடும்பங்களிலிருந்து எத்தனை பேரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிற்று என்பது நாடறிந்த விஷயம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யப்பட்ட அந்த ஏற்பாட்டை, வேலை தேடும் இளைஞர்களுக்கு நம் தோட்டத்துக் கோயில் மண்டபங்களிலேயே சிறிய அளவில் செய்யலாம். வருஷத்தில் பெரும்பாலான இரவுகள் அவை பூட்டித்தான் கிடக்கின்றன. வாரத்துக்கு இரண்டு இரவு மண்டபத்தைத் திறந்துவிடும்படியும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து அங்கே உட்காரவைக்கும்படியும், இவ்வாண்டுத் திருவிழாச் செலவுக் கணக்கை எழுதும்போது மூன்று நாளிதழ்களுக்கான சந்தாவையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளும்படியும் நம் வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்தாரை வேண்டிக்கொள்கிறேன்.