வரவேற்பறையும் ஒரு வேலைத்தலமே

கம்பளம் என்று எழுதினால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொழும்பில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. காப்பெட் என்பதே வழக்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுக்குமாடிகள் எழ எழ, அவற்றோடு கூடவே வளர்ந்த சிறு தொழில்களுள் காப்பெட் கழுவும் தொழிலும் ஒன்று. ஒரு சிறிய வான், அல்லது ஒரு முச்சக்கர வண்டி. ஓர் இயந்திரம், நாலைந்து பிளாஸ்ரிக் கான்கள், இரண்டு பையன்கள். திருமண மண்டபம், லொட்ஜ், அலுவலகம், வீடு என்று அழைத்த இடத்துக்கு வந்து கழுவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் தீங்கற்றது என்று இவர்களுடைய துண்டுப் பிரசுரங்களில் உறுதி அளிக்கப்பட்டிருக்கும். கழுவுகிறவனுக்குத் தீங்கற்றதா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இராது. நாமும் கேட்பதில்லை.

இந்தப் பையன்களில் பெரும்பாலானோர் மலையகத்தவர். ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று ஊர்ப்பெயர் சொல்வார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பதை விடக் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருப்பது மேல் என்று பதினேழு, பதினெட்டு வயதில் பஸ் ஏறி வந்தவர்கள். இவர்களில் ஒருவரோடு கொட்டாஞ்சேனையில் ஒரு தேநீர்க் கடையில் பேச நேர்ந்தது. விரல் நுனிகள் வெளுத்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. "என்ன தம்பி, கையுறை போடுவதில்லையா?" என்று கேட்டேன். "போட்டா வேலை ஓடாது சேர். அந்த மருந்து தொட்டா ஒண்ணும் செய்யாது. ராத்திரிதான் எரியும்" என்றார்.

ராத்திரிதான் எரியும் என்ற அந்த ஒரு வார்த்தையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளவத்தை கடலோரப் பட்டினம். உப்புக்காற்றில் கதிரைக் கால்களும் கட்டில் கால்களும் துருப்பிடித்து, காப்பெட்டில் கபில நிறக் கறையாக இறங்கிவிடும். சவர்க்காரத்துக்கு அது போகாது. துருக்கறை நீக்குவதற்கென்று விற்கப்படும் திரவங்கள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலம் கலந்திருக்கிறது. மற்ற அமிலங்கள் தோலில் பட்டவுடனே சுட்டு எச்சரிக்கை செய்யும். கையை உதறிக் கழுவி விடுவோம். இது அப்படியன்று. செறிவு குறைந்த கரைசலாக இருந்தால் பட்ட நேரத்தில் வலியே தெரியாமல் இருக்கலாம். பல மணித்தியாலங்கள் கழிந்தே வேதனை தொடங்கும். அதற்குள் அது தோலை ஊடுருவி உள்ளே போய், உடலின் கல்சியத்தைப் பிணைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். அதிக அளவு உட்புகுந்தால் இரத்தத்தில் கல்சியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறும். இதற்கு முதலுதவி, உடனே ஏராளமான நீரால் கழுவுவதும், கல்சியம் குளுக்கோனேற் களிம்பு பூசுவதும், தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போவதும். அந்த இளைஞர் பயன்படுத்திய மருந்து இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அது என்னவென்று அவருக்கே தெரியாது. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கப்பட்ட, பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு திரவம், அவ்வளவுதான். என்ன பட்டது என்று தெரியாதவனுக்கு எந்த வைத்தியர் எந்த மாற்று மருந்தைக் கொடுப்பார்?

பெயரற்ற போத்தல்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. வெளிறச் செய்யும் திரவமும் கழிவறை கழுவும் அமிலமும் ஒன்று கலந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படைகள் திறந்துவிட்ட அதே வாயுதான். பூட்டிய, குளிரூட்டிய அறையில், முழந்தாளிட்டுத் தரையோடு முகம் வைத்து வேலை செய்பவனையே அது முதலில் பிடிக்கும். காற்றை விடக் கனமான வாயு அது, தரையோடு தங்கும்.

எண்ணெய்க் கறை நீக்கும் கரைப்பான்களின் கதை இன்னும் மெதுவானது. டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்றும், உலர்சலவைக்காரர் பயன்படுத்தும் பேர்குளோரோஎத்திலீன் அநேகமாக விளைவிக்கக்கூடியது என்றும் 2012இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. முன்னதைத் தடைசெய்யவும், பின்னதை உலர்சலவையிலிருந்து பத்தாண்டுகளில் படிப்படியாக அகற்றவும் 2024 டிசெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் விதிகளை வெளியிட்டது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரக் காப்பெட்டின் மேல் வெறுங்காலோடு நின்று 230 வோல்ற்றில் ஓடும் இயந்திரத்தைத் தள்ளுகிறார்கள். நீட்டிப்பு வயரில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கறுப்பு நாடா சுற்றி மறைத்திருக்கும். பழைய வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வேலை தொடங்கும் பையனை நான் கண்டதில்லை. கழுவிய பின் நீரில் ஊறிய காப்பெட்டைச் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு ஐந்தாம் மாடியிலிருந்து படி இறங்குகிறார்கள். லிப்டு நனையும் என்று காவலாளி விடமாட்டார்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? இலங்கையில் வேலைத்தலப் பாதுகாப்புக்கான பிரதான சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியரின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அதன் பார்வை கட்டடத்தின் மீது. கூரை, இயந்திரம், கொதிகலன், படிக்கட்டு, காற்றோட்டம் ஆகியவற்றையே அது தேடும். காப்பெட்டை ஒரு முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கழுவினால் அந்த முற்றத்தைத் தொழிற்சாலை என்று வாதாடலாம். அதே பையன் அதே மருந்தோடு என் வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டால் பரிசோதகர் எங்கே போவார்? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் முதன்மையாக வேலை நேரத்தையும் விடுமுறையையும் சம்பளத்தையும் பற்றியது. 2009இல் சட்டமொன்றின் மூலம் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் வந்தது. அதன் பணி பயிற்சியும் ஆய்வும் ஆலோசனையும். ஆலோசனை கேட்க வருகிறவர்கள் பெரிய நிறுவனங்கள்தாம். ஒற்றை வான் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் ஏன் போகப் போகிறார்?

மூலச் சட்டத்தை நமக்குத் தந்த பிரித்தானியரோ அந்தப் பார்வையை 1974இலேயே கைவிட்டுவிட்டார்கள். அவ்வாண்டுச் சட்டத்தில் கட்டடம் எது என்ற கேள்விக்கு முதன்மை இல்லை. வேலை கொடுப்பவர் யார், வேலை செய்பவர் யார் என்பதே கேள்வி. எங்கு நின்று வேலை செய்தாலும் கடமை முதலாளியோடு கூடவே போகும். அதன் கீழ் வந்த இரசாயனங்கள் பற்றிய ஒழுங்குவிதிகள், துப்புரவுத் தொழிலாளிக்குத் தான் கையாளும் திரவம் எதுவென்று சொல்லப்பட வேண்டும் என்கின்றன. 2022 ஜூனில் சர்வதேச தொழில் ஸ்தாபனம் பாதுகாப்பான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நமது புத்தகத்தில் இன்னும் 1942.

தொழிற்சாலைக்குள்ளேயே எல்லாம் சரியாக நடந்துவிடுகிறதா என்று கேட்பவர்கள் ஹொரணையை நினைத்துப் பார்க்கட்டும். 2018 ஏப்ரலில் பெல்லப்பிட்டியவில் ஓர் இறப்பர் தொழிற்சாலையின் அமோனியாத் தாங்கியில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து, ஐந்து பேர் மாண்டார்கள். சட்டத்தின் கண்ணுக்கு நேரே இருந்த இடம் அது.

காப்பெட் கழுவும் முதலாளிகள் கொடியவர்கள் என்று நான் எழுதவில்லை. பலர் நேற்றுவரை தாமே மெஷின் தள்ளியவர்கள். கையுறைக்கும் கண்ணாடிக்கும் செலவழிக்கச் சொன்னால், வாடிக்கையாளர் ஐந்நூறு ரூபா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசுகிறாரே என்பார்கள். பொய்யில்லை. ஊரில் துணி வெளுத்தவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திவைத்தது நம் சமூகம். இப்போது அழுக்கு எடுக்கிறவர் வரவேற்பறை வரை வருகிறார்; ஆயினும் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால் எந்தக் குவளையில் கொடுப்பது என்று தடுமாறும் வீடுகள் இன்றும் உண்டு. கையுறை இல்லாததைக் கவனிக்காத கண்ணும் அந்தப் பழைய கண்தான்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. வெள்ளவத்தையில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து ஜூலை, ஆகஸ்டில் மட்டும் திறக்கப்படும் வீடுகள் ஏராளம். உரிமையாளர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லிக் காப்பெட் கழுவிப்போடச் செய்வார். இவர்களில் எத்தனை பேர் அங்கே போன புதிதில் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள்! வேலையின் முதல் நாளே கையுறையைக் கொடுத்து, சிவப்பு விளிம்புச் சதுரத்துக்குள் இருக்கும் மண்டையோட்டுக் குறிக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அறிவு விமானத்தில் ஏறும்போது எங்கே போய்விடுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பையனின் கையுறைக்கு நான் தருகிறேன், மருந்தின் பெயரைப் போத்தலில் ஒட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கழுவு என்று சொல்ல ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

விபத்து நேர்ந்துவிட்டால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுகள் பற்றிய தகவல் நிலையமும் உண்டு. நட்டஈடு கோர 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது தொழிற்சாலைச் சுவர்களோடு நின்றுவிடுவதில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் உள்ளே சேர்த்தது. ஆனால் கோருகிறவர் தாம் அந்த முதலாளியிடம் வேலை செய்ததை முதலில் காட்ட வேண்டும். அந்தத் தேநீர்க் கடை இளைஞரிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இலக்கமும் இல்லை. மாலையில் கையில் வைக்கப்படும் நாட்கூலி மட்டும்தான்.