பதில் தராத முதலாளிகள்



மூன்று மாதத்துக்கு முதல் ஒரு வேலைக்கு இரண்டு தரம் நேர்முகம் போனேன். "வாற கிழமை சொல்லுறம்" எண்டவை. அந்தக் கிழமை இன்னும் வரேல்லை. இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதிலில்லை. ஞாயிறு தவறாமல் அம்மா கேக்கிறா: "அவை ஒண்டும் சொல்லேல்லையோ?"

விண்ணப்பங்கள் கூட, நேரமில்லை என்பார்கள். நம்பாதேங்கோ. "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று ஒரு நிமிடத்தில் அனுப்புகிற இயந்திரத்துக்கு "இல்லை" என்று அனுப்பத் தெரியாதா? தெரிவான ஆள் வராமல் விட்டால் கூப்பிட நாங்கள் வேணும். அதுக்காகக் காத்திருக்க வைக்கிறார்கள். அதன் செலவு எங்கட கணக்கில்.

அந்தச் செலவும் எல்லாருக்கும் ஒன்றல்ல. நான் இங்கே பிறந்தவள், கடவுச்சீட்டு இருக்கு. என்னோட ஒரே வீட்டில் இருக்கிற மதுரைத் தோழிக்கு, படிப்பு முடிந்தபின் வேலை தேடச் சட்டம் தருவது 18 மாதம். ஒவ்வொரு மௌனமும் அதைத்தான் தின்னுது.

மௌனம் ஆருக்குக் கூட விழுது? ஒஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்து டோரிஸ் வைக்செல்பௌமர், ஒரே தகுதியும் ஒரே முகமும் உள்ள கற்பனை விண்ணப்பங்களை ஜேர்மன் நிறுவனங்களுக்கு அனுப்பி, 2016இல் முடிவை வெளியிட்டார். 'சண்ட்ரா பௌவர்' என்ற பெயருக்கு 18.8 வீதம் நேர்முக அழைப்பு. 'மெரியம் ஒஸ்துர்க்' என்றால் 13.5. அதே மெரியம் முக்காடு போட்டால் 4.2.

பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 2006இல் இருந்து இருக்கு. ஆனால் சான்றெல்லாம் முதலாளியின் லாச்சிக்குள்ள. ரஷ்யாவில் பிறந்த ஒரு பெண் பொறியியலாளர் தொடுத்த மைஸ்டர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொன்னது இது: வேறு ஆளை எடுத்தார்களா என்று அறிய விண்ணப்பித்தவருக்கு உரிமை இல்லை, ஆனால் எந்தத் தகவலும் தர மறுப்பதைப் பாகுபாட்டின் அறிகுறிகளில் ஒன்றாகக் கணக்கில் எடுக்கலாம். அடுத்த ஆண்டு ஜேர்மன் நீதிமன்றத்தில் அவர் தோற்றார்.

ஒரு சின்னப் பிடி உண்டு. நட்டஈடு கேட்பதற்கான இரண்டு மாதத் தவணை, மறுப்புக் கிடைத்த பிறகுதான் தொடங்கும். வெறும் மௌனம் பொதுவாக மறுப்பாகாது என்று சமஷ்டித் தொழில் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அதனால் வேலை விளம்பரத்தையும் மின்னஞ்சல்களையும் அழிக்காதேங்கோ.

ஆனால் தனித்தனியே வழக்காடி இதை மாற்றேலாது. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் பெட்ரீப்ஸ்ராட் இருந்தால், ஒருவரை எடுக்க முதல் அதன் சம்மதம் வேணும். விண்ணப்பித்தவர்களின் ஆவணங்களையும் அதற்குக் காட்டவேணும். தொழிற்சாலைகளில் வேலை செய்யிற மாமாமார், மாமிமாரே, உங்கட பெட்ரீப்ஸ்ராட்டிட்டைக் கேளுங்கோ: எத்தனை பேர் விண்ணப்பித்தவை? எத்தனை பேருக்குப் பதில் போனது? பதில் போகாத பெயர்கள் எப்படிப்பட்ட பெயர்கள்?

எங்கட கோரிக்கை ஒன்றுதான்: நாலு கிழமைக்குள், காரணத்தோட, எழுத்தில் பதில். அது முதலாளியின் பெருந்தன்மையாக இல்லாமல் சட்டமாக வரவேணும்.

தோழமையுடன்.