படித்த பின் பேசுவோம்



ஒரு நல்ல புத்தகத்தைப் படித்து முடித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? யாரிடமாவது அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கிறது அல்லவா? பெரியவர்கள் பலர் அதை வெறும் அரட்டை ஆசை என்று எண்ணி அடக்கிவிடுகிறார்கள். ‘பேசியது போதும், போய்ப் படி’ என்ற குரல் நம் வீடுகளில் ஒலிக்காத நாள் இல்லை. பேசுவதும் படிப்பில் ஒரு பகுதிதான் என்பது என் கட்சி.

இது புதிய கட்சியும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் வந்து சேருகிறது. ஆசிரியனாகிய எனக்குக் கால் பங்குதானா என்று சற்று வருத்தம் உண்டு. ஆனால் கணக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு சான்று சொல்கிறேன். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. காடும், ஓடையும், சிறிய விலங்கியல் பூங்காவும் உள்ள இடம். வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளி மாணவர்கள் ஆறு பேரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மரத்தடியில் உட்கார்ந்தோம். கையில் மைக்கேல் பாரடேயின் மெழுகுவர்த்தி பற்றிய புத்தகம். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் அதில் உள்ளன. ஆங்கிலப் பிரதிதான். அகராதியோடு மல்லுக்கட்டி எல்லோரும் முதல் சொற்பொழிவைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். (ஒரு மெழுகுவர்த்தியும் கொண்டுபோயிருந்தோம். காட்டுப் பகுதியில் நெருப்பு கூடாது என்பதால் அது பையைவிட்டு வெளியே வரவில்லை.)

மெழுகுவர்த்திக்கான கொழுப்பை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று பாரடே சில வரிகளில் சொல்லிச் செல்கிறார். மாட்டுக் கொழுப்பைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சினால் ஒரு வகைச் சோப்பு உண்டாகிறது. அதில் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் சுண்ணாம்பு பிரிந்து போய், வெண்மையான, கெட்டியான ஸ்டியரின் கிடைக்கிறது. ஐந்து பேர் இந்த வரிகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஆறாவது பையன் தாண்டவில்லை. அவனுடைய அப்பா டேனரியில் வேலை செய்கிறார்.

வழக்கமாக வாய் திறக்காத பையன் அவன். தோல் பதனிடும் வீட்டுப் பிள்ளை என்றால் மூக்கைப் பிடித்துக் கேலி செய்யும் அற்பர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள் அல்லவா? அன்று அவன் சொன்னான்: “சார், எங்கப்பா வேலை செய்யுற இடத்திலயும் முடி உதிர்றதுக்காகத் தோலைச் சுண்ணாம்பில ஊறப் போடுவாங்க. அப்புறம் உட்பக்கத்தில இருக்கிற சதையையும் கொழுப்பையும் சீவி எடுப்பாங்க. அங்கேயும் சுண்ணாம்பு, கொழுப்பு ரெண்டும் இருக்கே, அதுவும் சோப்பாகுமா?”

உடனே வாதம் கிளம்பிற்று. சோப்பு என்றால் நுரைக்க வேண்டாமா என்றான் ஒருவன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிறிது யோசித்துவிட்டு, தன் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதே இல்லை, வாளியில் வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கிறது என்றாள். கடின நீர்ப் பாடம் நினைவுக்கு வந்தது. அந்த நீரில் இருப்பது கால்சியம். சுண்ணாம்பில் இருப்பதும் கால்சியம். அப்படியானால் வாளியில் மிதக்கும் திரியும் பாரடே குறிப்பிட்ட சோப்பும் ஒரே இனம்! கால்சியம் சோப்பு நீரில் கரையாது, ஆகவே நுரைக்காது.

லண்டனில் காய்ச்சிய கொழுப்பும், ஆம்பூர்த் தோல் தொட்டியும், வேலூர் வாளியும் பத்தே நிமிடத்தில் ஒன்றுசேர்ந்துவிட்டன. அந்த ஆறு பேரில் யாரும் தனியாகப் படித்து இதைக் கண்டிருக்க முடியாது. புத்தகத்துக்குள் ஒவ்வொருவரும் தம் வீட்டையும் தெருவையும் எடுத்துக்கொண்டுதான் நுழைகிறோம். மற்றவருடைய தெரு அதில் எங்கே தென்படுகிறது என்பது அவர் வாய் திறந்தால்தான் தெரியும். சுண்ணாம்பில் ஊறிய தோல் வழுவழுப்பாக இருப்பது சோப்பாலா, வெறும் காரத்தாலா என்ற கேள்வி மட்டும் அன்று முடிவாகவில்லை. நான் இயற்பியல்காரன், வேதியியல் ஆசிரியரிடம் கேட்டு வாருங்கள் என்று தப்பித்துக்கொண்டேன்.

பாரடேயே இப்படி வளர்ந்தவர்தாம். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய ஏழைப் பையன் அவர். வேதியியலில் அவருக்கு ஆசையூட்டியது ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய நூல். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்த பின், சுமார் அரை டஜன் நண்பர்கள் மாலை வேளைகளில் கூடி, சேர்ந்து வாசித்து, ஒருவர் குறையை ஒருவர் ஒளிவு மறைவின்றிச் சொல்லித் திருத்திக்கொண்டார்கள். கூடிய இடங்களில் ஒன்று, அவர் தங்கியிருந்த மேல்மாடி அறை.

தனியாகப் படிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: புத்தகம் பழசாகிவிட்டதைப் புத்தகமே சொல்லாது. 1928-ல் ஜெர்மன் அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அணு அமைப்பைப் பற்றிய அவருடைய பெரிய நூலைக் கரைத்துக் குடித்திருந்த மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். அந்த நூலுக்குப் பிறகு குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று நூலாசிரியரே சொன்னபோது மாணவருக்கு எப்படி இருந்திருக்கும்! இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப் பிரதியையும் சோமர்ஃபெல்டு கொடுத்தார். மறு ஆண்டே சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. 1983-ல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

பொதுத் தேர்வு இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். மாதத்தில் ஒரு பிற்பகல் போதும். நான்கைந்து பேர், ஒரே புத்தகம், அதுவும் திறந்திருக்க வேண்டும். மறுப்பவர் எந்த வரியை மறுக்கிறார் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். பள்ளிகளில் நடக்கும் பேச்சுப் போட்டியை இதனோடு சேர்க்காதீர்கள். பரிசு என்று வந்துவிட்டால் ‘எனக்கு இது புரியவில்லை’ என்று எவர் சொல்வார்? ஆசிரியர் இருந்தால் அவர் கடைசியில் பேசட்டும்.

அமிர்தியில் ஏற்றாத மெழுகுவர்த்தியை அவரவர் வீட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் கூடினார்கள். உருகிய மெழுகு தேங்கும் கிண்ணத்தின் விளிம்பை, கீழிருந்து மேலே செல்லும் காற்று குளிர்வித்துக் காக்கிறது என்கிறார் பாரடே. மின்விசிறிக்கு அடியில் வைத்த பெண்ணுக்கு விளிம்பு ஒரு பக்கம் உடைந்து மெழுகு வழிந்துவிட்டது. மூடிய அறையில் வைத்தவனுக்குக் கிண்ணம் வட்டமாக நின்றது. டேனரி வீட்டுப் பையனோ, மண் அகலுக்கு இந்தத் தொல்லையே இல்லையே, அப்படியிருக்க மெழுகுவர்த்தி எதற்கு வந்தது என்று கேட்டான். அதைப் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. இரண்டாம் சொற்பொழிவைத் திறக்கவே இல்லை.