இராக்கடலில் செல்லுமுன்

செம்பூரில் வாழும் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் நமக்கு மடல் ஒன்று விடுத்திருந்தார். அவருடைய மகன் விடுமுறை நாள்களில் மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு செலுத்தப் பழகிவருகிறான். இப்பொழுது தோழர்கள் சிலருடன் ஓர் இரவு முழுவதும் கடலில் செல்ல வேண்டுமென்று ஆசை கொண்டிருக்கிறான். "தடுத்தால் சொல்லாமலே போய்விடுவானோ என்று அஞ்சுகிறேன், விடை கொடுத்தால் அன்றிரவு கண் மூட மாட்டேனே என்றும் அஞ்சுகிறேன். தாங்கள் இப்பகுதியில் ஒரு வார்த்தை எழுதலாகாதா?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

எழுதலாம். எழுதுவதற்குச் சிறிது உரிமையும் நமக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்து அன்பர் மூவருடன் சேர்ந்து, 24 அடி நீளமுள்ள சிறு படகில், முருட் அருகிலுள்ள ஜஞ்சிராக் கோட்டை வரை முதல் தடவையாக இரவுப் பயணம் புறப்பட்டோம். அம்முறை நாம் போய்ச் சேரவில்லை. போய்ச் சேராத அந்தப் பயணமே நமக்கு மிகுதியாகக் கற்பித்தது.

நால்வரில் மூத்தவர் தூத்துக்குடிக்காரர்; வணிகக் கப்பல்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளையவனுக்கு இருபத்திரண்டு வயது. மாதுங்காவில் உள்ள அவன் வீட்டு முன்னறையில்தான் கடல் வரைபடத்தை விரித்து ஆலோசனை நடத்தினோம். மூத்தவர் முதலில் சொன்னது இது: "பகலில் ஒரு தவறு செய்தால் அதைக் கண்ணால் கண்டு திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். இரவில் அந்த நேரம் இராது. ஆகவே, அங்கே யோசிக்க வேண்டியதையெல்லாம் இங்கேயே யோசித்து முடித்துவிட வேண்டும்."

பருவம் முதலாவது. சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சிறு படகுக்கு இக்கடலில் வேலையில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை. அப்போது பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடற்காற்று வீசும். இரவில் அது அடங்கி, பின்னிரவில் கரையிலிருந்து மெல்லிய நிலக்காற்று எழும். தெற்கு நோக்கிச் செல்லும் படகுக்கு இரண்டும் துணையே.

இரண்டாவது, கணக்கு. கணக்கைப் புறப்படும் நேரத்திலிருந்து தொடங்கலாகாது. சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். அறியாத துறைக்குள் இருட்டில் நுழையலாகாது என்பது கடலோடிகளின் பழைய விதி. ஜஞ்சிராவின் பக்கம் பாறைகள் உண்டு. ஆகவே கதிரவன் எழுந்தபின், காலை ஏழு மணியளவில், அங்கே நுழைய வேண்டும். மும்பையிலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 40 கடல்மைல். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். மணிக்கு 4 கடல்மைல் சென்றால் பத்து மணி நேரம் ஆகும். அப்படியானால் இரவு ஒன்பது மணிக்குப் புறப்படுவதன்றோ முறை? அங்கேதான் சிக்கல். இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் பெருங்கப்பல்கள் வந்து போகும் துறைமுக வாயிலை இருளில் கடக்க நேரும். மும்பைக்கும் நவ சேவாவுக்கும் செல்லும் கப்பல்கள் அவ்வழியே வருகின்றன. மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் வரும் கப்பல், ஒரு கடல்மைல் தூரத்தை நான்கே நிமிடத்தில் கடந்துவிடும். குறுகிய கால்வாயில் அதற்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். அது நமக்காக ஒதுங்க இயலாது. விதியும் அவ்வாறே கூறுகிறது.

ஆகவே பிற்பகலிலேயே புறப்பட்டு, கப்பல் வழியை வெளிச்சத்தில் கடந்துவிடுவது என்று தீர்மானித்தோம். விடியுமுன் ஜஞ்சிராவை நெருங்கிவிட்டால், கரையிலிருந்து ஐந்து கடல்மைல் தள்ளிப் பாயைக் குறைத்து நின்று, விடியலுக்குக் காத்திருப்பது. வேகமாகச் செல்வதைவிடக் காத்திருக்க அறிவதே இப்பயணத்தில் பெரிய திறமை.

மூன்றாவது, நிலவும் நீரும். இதற்கு நம் வீட்டுப் பஞ்சாங்கமே பாதித் துணை. பௌர்ணமியன்று கதிரவன் மறையும் வேளையில் நிலவு எழுந்து, இரவு முழுவதும் உடன் வருகிறது. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மும்பையில் நண்பகலை அடுத்துக் கடல்நீர் ஏறி நிறைந்து, பிற்பகல் முழுவதும் வற்றுகிறது. வற்றும் நீரோட்டம் துறைமுகத்திலிருந்து படகை வெளியே தள்ளிக்கொண்டு செல்லும். துல்லியமான மணிக்கு ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஆயினும் பஞ்சாங்கமும் அட்டவணையும் ஒன்றையொன்று ஒத்துவருவதைக் கண்டபோது, இளையவனின் தாயார் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சிறு புன்னகை தோன்றியது. மறுகணமே, "மார்கழிப் பௌர்ணமி என்றால் திருவாதிரை அல்லவா? களி செய்யும் நாளில் பிள்ளை கடலிலா இருப்பது?" என்று கேட்டார். திருவாதிரைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பயணத்தை வைத்துக்கொண்டோம்.

நான்காவது, விளக்குகள். கொலாபா முனைக்கு அப்பால் 1875-இல் கட்டி முடிக்கப்பட்ட பிராங்ஸ் கலங்கரை விளக்கம். தெற்கே காந்தேரித் தீவில் 1867-ஆம் ஆண்டு விளக்கம். அதற்கும் தெற்கே கொர்லை. (காந்தேரிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது, அதே பட்டியலில் நம் செஞ்சியும் இடம் பெற்றதை அன்பர்கள் அறிவர்.) ஒவ்வொரு விளக்கும் தனக்கே உரிய கால அளவில் மின்னும். வெறுங்கண்ணால் பார்த்து 'இதுதான் அது' என்று எண்ணிவிடலாகாது; நொடிகளை எண்ணி, வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தெளிய வேண்டும். இரவில் தூரத்து விளக்கு அருகில் இருப்பதுபோலவும், அருகிலுள்ளது தூரத்தில் இருப்பதுபோலவும் மயக்கும்.

படகுகளின் விளக்குகளும் ஒரு மொழியே. இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை. சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் எதிரே வருவது நம்மை நோக்கியே வருகிறது என்று பொருள். வருகின்ற கப்பல் இருக்கும் திசை, திசைகாட்டியில் மாறாமலே இருந்து, அது நெருங்கியும் வந்தால் மோதல் உறுதி. உடனே விலக வேண்டும். இயந்திரத்தை இயக்கிவிட்டால், பாய் விரித்திருந்தாலும் விதிப்படி அது இயந்திரப் படகே. அதற்குரிய முன்புற வெள்ளை விளக்கையும் ஏற்ற வேண்டும்.

விளக்கே இல்லாதவை மீன்வலைகள். கொங்கணக் கடற்கரையில் 'டோல்' எனப்படும் பைவலைகளைக் கம்பங்களில் கட்டி நீரோட்டத்துக்கு எதிரே விரித்திருப்பார்கள். இவை எங்கெங்கே என்று எந்த வரைபடமும் முழுமையாகச் சொல்லாது. கோலி மீனவர்களிடம் சென்று கேட்டோம். வரைபடத்தில் அவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டோம். நம் வழி அதனால் மேற்கே மூன்று கடல்மைல் தள்ளிப்போயிற்று.

இன்னும் சில உண்டு; சுருங்கச் சொல்லுவோம். நால்வருக்கும் மிதவைச் சட்டை. இருட்டியபின் இடுப்புக் கயிற்றைப் படகோடு பிணைக்காமல் எவரும் இருக்கையை விட்டு எழலாகாது. மூன்று மணிக்கு ஒருமுறை இருவர் இருவராகக் காவல் மாற வேண்டும். இருளுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கைப்பேசியின் வெளிச்சத்தை ஒரு கணம் பார்த்தால் அப்பழக்கம் கெட்டுவிடும். ஆகவே வரைபடம் பார்க்கச் சிவப்பு விளக்கு. வானொலிக் கருவி 16-ஆம் அலைவரிசையில். 2008 நவம்பருக்குப்பின் இக்கடற்கரையில் காவல் மிகுந்துள்ளது. துறைமுக அனுமதியும் அடையாளச் சீட்டும் இன்றிப் புறப்படலாகாது. உணவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்டலி, குமட்டலுக்கு இஞ்சி.

எல்லாம் முடிந்தபின் மூத்தவர் ஒரு தாளை எடுத்து, வீட்டாருக்கென்று எழுதினார். படகின் நிறம், ஆள்களின் பெயர், புறப்படும் நேரம், வழி, சேரும் நேரம். அதன்கீழ் இரண்டு வரிகள். 'இரவு எட்டு மணிக்குள் காந்தேரியைக் கடக்காவிடில் மாண்ட்வாவுக்குத் திரும்புவோம். காலை பதினொரு மணிக்குள் செய்தி வராவிடில் 1554 என்ற எண்ணில் கடலோரக் காவற்படையை அழைக்க வேண்டும்.' அத்தாளை இளையவனின் தாயார் கையில் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, "அண்ணாச்சி, இவனை நம்பி அனுப்பவில்லை, உங்களை நம்பி அனுப்புகிறேன்" என்றார்.

புறப்பட்ட நாளில் ஐந்தரை மணிக்கே காற்று நின்றது. நீர் வற்றும் வரை அதன் ஓட்டத்தில் சிறிது நகர்ந்தோம். பின்பு ஓதம் திரும்பிற்று. படகு மெல்ல மும்பையை நோக்கியே பின்வாங்கியது. எட்டு மணிக்குக் காந்தேரி விளக்கு இன்னும் நான்கு கடல்மைல் முன்னே மின்னிக்கொண்டிருந்தது. நிலவு பால்போல் காய்ந்தது. கடல் கண்ணாடிபோல் கிடந்தது. ஆபத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. "மாமா, இயந்திரத்தைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாமே" என்றான் இளையவன். நமக்கும் அதுவே சரியென்று பட்டது; வெட்கத்தை விட்டுச் சொன்னால், அலுவலகத்தில் அத்தனை பேரிடம் சொல்லிவிட்டு வந்தோமே என்ற எண்ணமும் இருந்தது.

மூத்தவர் சினக்கவில்லை. "அந்த எண்ணெய் ஆபத்துக்கு வைத்தது. காந்தேரியைத் தாண்டினால் இருட்டில் நுழையத்தக்க, நமக்குப் பழகிய துறை ஜஞ்சிரா வரை ஒன்றுமில்லை. எட்டு மணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்" என்று மட்டும் சொல்லிச் சுக்கானைத் திருப்பினார். பகலில் பலமுறை சென்று பழகிய மாண்ட்வாவில் ஒன்பதரை மணிக்கு நங்கூரம் இட்டோம். அதற்குமுன்பே 'திரும்புகிறோம்' என்று வீட்டுக்குச் செய்தி போயிற்று. அன்றிரவு இளையவன் யாரோடும் பேசவில்லை. இட்டலியையும் தொடவில்லை.

மறுநாள் வீட்டில் அவன் தாயார் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "எட்டு மணி அடித்ததும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டேகாலுக்குச் செய்தி வந்தது. சொன்னபடி திரும்புகிறவர்கள் என்றால், சொன்னபடி போகவும் செய்வார்கள். அடுத்த தடவை நான் தூங்குவேன்."

தைப்பூசத்தை ஒட்டி மீண்டும் புறப்பட்டோம். ஏழு மணிக்குக் காந்தேரியைக் கடந்தோம். சஹ்யாத்ரி மலைமேல் நிலவு எழுந்தது. இரவு இரண்டு மணிக்கு, குறித்து வைக்காத வலை மிதவை ஒன்றைக் காவலில் இருந்த இளையவனே முதலில் கண்டு விலக்கினான். நான்கரை மணிக்கு ஜஞ்சிராவை நெருங்கி, வெளிக்கடலில் பாயைக் குறைத்து, குளிரில் போர்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். வெளிச்சம் வரவர, கோட்டையின் மதில்கள் நீருக்குமேல் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவுடன் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதத்தில் கோவா திரும்பியதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசை வருவது இயல்பே. அந்த இருவரும் ஆண்டுக்கணக்கில் பயின்றபின்பே புறப்பட்டனர் என்பதையும் உடன் சொல்லி வைப்போம்.

ஆகவே, சகோதரி, தங்கள் மகனைத் தடுக்க வேண்டா. உடன் வரும் மூத்தவர் யார் என்று கேளுங்கள். வரைபடத்தைத் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே விரிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்ற வரி அதில் இல்லையென்றால், இம்முறை வேண்டாம் என்று சொல்லத் தாங்கள் தயங்கவேண்டியதில்லை. அவ்வரி இருந்தால் மிளகாய்ப்பொடியைச் சற்றுக் கூடுதலாகவே வைத்து அனுப்புங்கள். கடற்காற்றில் பசி மிகும்.