தேவதையா, யோசனையா?

பழைய கார்களில் ஆசை வைத்திருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோன் வாங்குவதென்றால் டிஎஸ் நல்லதா, ஐடி நல்லதா?”

முதலில் பெயரைப் பார்ப்போம். பிரெஞ்சு உச்சரிப்பில் ‘டிஎஸ்’ என்றால் தேவதை என்று காதில் விழும். ‘ஐடி’ என்றால் யோசனை. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் டிஎஸ் 19 அறிமுகமான முதல் நாளே ஏறக்குறைய 12,000 பேர் பதிவு செய்தார்கள். ஆனால் விலை அதிகம். அதனால் ஓரிரு ஆண்டுகளில் எளிமையான ஐடி 19 வந்தது.

பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. டிஎஸ் காரில் சஸ்பென்ஷன், ஸ்டீரிங், பிரேக், கியர் எல்லாமே உயர் அழுத்த எண்ணெயில் இயங்கின. ஐடியில் அந்தச் சஸ்பென்ஷன் அப்படியே உண்டு. ஆனால் கியர் சாதாரண கிளட்ச் வகை, தொடக்கத்தில் பவர் ஸ்டீரிங்கும் இல்லை. இன்ஜின் ஆற்றலும் சற்றுக் குறைவு.

1962 ஆகஸ்ட் 22-இல் பாரிஸ் அருகே அதிபர் டி கோலைச் சுட வந்தவர்களிடமிருந்து, டயர் வெடித்த நிலையிலும் ஓடித் தப்பியது டிஎஸ்தான். சேகரிப்பாளர்கள் அதைத் தேடுவதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால், காட்சிக்கு வைக்க டிஎஸ். ஓட்டி மகிழ ஐடி. எண்ணெயை நம்பி இயங்கும் பாகங்கள் குறைந்தால் பழுதும் செலவும் குறையும்.

எதை வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பிரேக். ஐடிக்கு டிஎஸ் சின்னம் ஒட்டி விற்பவர்கள் உண்டு. டிஎஸ்ஸில் பெடலுக்குப் பதில் காளான் போன்ற ரப்பர்ப் பொத்தான் இருக்கும். கிளட்ச் பெடலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிற்கால டிஎஸ் சிலவற்றில் அதுவும் உண்டு.

இரண்டு, எண்ணெய். 1960-களின் நடுப்பகுதிவரை வந்த கார்களுக்கு ஒரு வகை, அதற்குப் பின் வந்தவற்றுக்குப் பச்சை நிறக் கனிம எண்ணெய். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டு, சஸ்பென்ஷனும் பிரேக்கும் சேர்ந்து படுத்துவிடும்.

மூன்று, துரு. கதவும் மட்கார்டும் கழற்றி மாட்டக்கூடியவை. புதுப் பெயின்ட் பளபளக்கும். அவற்றைத் தாங்கும் அடிச்சட்டம் அரித்துப் போயிருக்கும். காரைத் தூக்கி அடியில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

1975-இல் உற்பத்தி நிற்கும்வரை இரண்டும் சேர்ந்து 14 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. ஆகவே அவசரம் வேண்டாம். நல்ல ஐடி ஒன்று, மோசமான டிஎஸ்ஸைவிட எப்போதும் மேல்.