கழுத்துல டாலர், அடுப்படியில அளத்து உப்பு

கொஞ்சம் நீளமான இழை. வீட்ல கர்ப்பிணி இருந்தா கண்டிப்பா படிங்க.

போன வாரம் ஓ.பி.க்கு மரக்காணம் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்தாங்க. ரெண்டாவது மாசம். கழுத்துல ஒரு கறுப்பு டாலர். டவர் கதிர்வீச்சுல குழந்தையோட மூளை செல் பாதிக்காம இருக்க மாமியார் வாங்கிக் கொடுத்ததாம். ஆரோவில் போற வழியில யாரோ வித்தது, விலை 3,000 ரூபாய். உப்பளத்துல கூலிக்குப் போற குடும்பம்ங்க அது.

எனக்கு மாமியார் மேல கோபம் இல்ல. வித்தவன் மேலதான்.

டாலர் போட்ட பிறகும் போன்ல சிக்னல் வருதா? வருதுன்னா அது எந்த அலையையும் தடுக்கல. அவ்வளவுதான் சோதனை.

செல்போன் அலைக்கு டிஎன்ஏவை உடைக்கிற ஆற்றல் கிடையாது. உறுதியா தெரிஞ்ச விளைவு, திசு லேசா சூடாகறது. அதுக்குத்தான் வரம்பு. 2012 செப்டம்பர்ல இருந்து நம்ம நாட்டு டவர்களுக்கான வரம்பு சர்வதேச அளவுல பத்துல ஒரு பங்கு.

"உலக சுகாதார நிறுவனமே கேன்சர் வரலாம்னு சொல்லுதே?" ஆமா, 2011ல அதோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு '2பி' பட்டியல்ல, அதாவது 'இருக்கலாம், ஆதாரம் போதாது' வகையில சேர்த்தது. சோற்றுக்கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியல்லதான் இருக்கு. (அதை வெறும் வயித்துல குடிக்கிறவங்கதான் எனக்கு இந்த ஃபார்வர்டை அனுப்புறாங்க.) 2024ல அந்த நிறுவனம் கேட்டு நடந்த பெரிய மறுஆய்வுல போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியல.

இன்னொரு கொடுமை. 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் '5ஜி தடுப்பு'ன்னு வித்த டாலர், வளையல் மாதிரி 10 பொருட்கள்ல நிஜமான கதிரியக்கம் இருக்குன்னு எச்சரிச்சது. இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தைக் கழுத்துல மாட்டிக்கிறோம்.

சரி, வீட்ல என்ன உப்புன்னு கேட்டேன். "அளத்துல இருந்து வர்ற கல்லுப்புதான் சார். கடல் உப்புல அயோடின் இருக்குமே?"

இல்லம்மா. பாத்தியில விளையிற உப்புல அயோடின் இருக்கிறது பேருக்குத்தான். தொழிற்சாலையில சேர்த்தாதான் உண்டு. வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர தைராய்டு ஹார்மோன் வேணும். முதல் மூணு மாசம் அதை முழுக்க அம்மாதான் கொடுக்கணும், அதுக்கு அயோடின் வேணும். கடுமையா குறைஞ்சா குழந்தையோட அறிவு வளர்ச்சியே பாதிக்கும்; பிறந்த பிறகு சரிபண்ண முடியாது. அதனாலதான் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்க 2006ல இருந்து தடை. ஆனா சாக்கு மூட்டையில வீட்டுக்கே வர்ற உப்பை யார் தடுக்கிறது?

பாக்கெட்ல சிரிக்கிற சூரியன் படம் பார்த்து வாங்குங்க. மூடி போட்ட டப்பாவுல வைங்க. குழம்பு இறக்கும்போது போடுங்க. அந்த 3,000 ரூபாய்க்குப் பல வருஷத்துக்கு உப்பு வரும்.

"மாமியார்கிட்ட நீங்களே சொல்லுங்க சார்"னு அந்தப் பொண்ணு சொன்னாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.